குக்கரைத் திறக்காமல் பருப்பு வெந்ததா என்று பார்க்க முடியுமா? ரசாயன ரியாக்டருக்குள் எட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு ஒளி

கோவளத்துக்கு வார இறுதியில் பைக்கில் போகிறவர்களுக்கு ஈசிஆர் பக்கம்தான் கண்ணில் படும். சர்ஃபிங், மீன் வறுவல், நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் ஓஎம்ஆரில் கேளம்பாக்கம், திருப்போரூரைத் தாண்டிப் போனால் காட்சியே வேறு. அங்கே இருப்பது ஆலத்தூர் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை. மாத்திரை, ஊசி மருந்து தயாரிக்கும் ஆலைகளோடு, அவற்றுக்கான மூலப்பொருளைச் சமைக்கும் ரசாயன ஆலைகளும் அங்கே உண்டு.

‘சமைக்கும்’ என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. பெரிய மூடிய பாத்திரம், உள்ளே சூடு, அழுத்தம், ஓயாமல் சுற்றும் கிளறி. கிட்டத்தட்ட ஒரு ராட்சத பிரஷர் குக்கர். ஆலையில் இதை ரியாக்டர் என்பார்கள். அழுத்தம் தாங்கும் வகையை ஆட்டோகிளேவ் என்பார்கள்.

குக்கருக்குள் பருப்பு வெந்ததா என்று எப்படித் தெரியும்? விசிலை எண்ணுவோம். சந்தேகம் இருந்தால் ஆவியை விட்டு, திறந்து, ஒரு பருப்பை நசுக்கிப் பார்ப்போம். ரியாக்டரில் அப்படித் திறக்க முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திறக்காமலே சொல்லும் கருவி ஒன்று உண்டு. அதன் ஆதாரம் அகச்சிவப்பு ஒளி. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறும், கடந்த சில ஆண்டுகளில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நடந்த ஆலை விபத்துகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பார்ப்போம.

சூடு, அழுத்தம் இரண்டையும் அளந்தால் போதாதா?

எல்லா ரியாக்டரிலும் வெப்பமானியும் அழுத்தமானியும் இருக்கும். அவை அவசியம். ஆனால் அவை சொல்வது விளைவை. காரணத்தை அல்ல.

பல வேதிவினைகள் நடக்கும்போதே வெப்பத்தை வெளியிடும். ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் குளிர்ந்த நீரோ எண்ணெயோ ஓடி, அந்த வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கு சரியாக இருக்கும்வரை பிரச்னை இல்லை. கணக்கு தவறினால் சூடு ஏறும். 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் வினையின் வேகம் தோராயமாக இரண்டு மடங்காகும். வேகம் கூடினால் இன்னும் வெப்பம், அதனால் இன்னும் வேகம். குளிர்விக்கும் திறனோ அந்த வேகத்தில் கூடாது. இதைத்தான் ‘ரன்அவே’ என்கிறார்கள்: கட்டுக்கடங்காமல் ஓடும் வினை.

இதில் அளவும் ஒரு வில்லன். ஒரு லிட்டர் குடுவையில் செய்த வினையை 1,000 லிட்டர் ரியாக்டருக்குக் கொண்டுபோனால், வெப்பம் உண்டாக்கும் சரக்கு 1,000 மடங்கு கூடுகிறது. வெப்பத்தை வெளியேற்றும் சுவரின் பரப்போ சுமார் 100 மடங்குதான் கூடும். ஆய்வகத்தில் சாதுவாக இருந்த வினை ஆலையில் சீறுவதற்கு இதுதான் காரணம்.

2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் இருந்த டி2 லேபரட்டரீஸ் ஆலையில் நடந்தது இதுதான். சுமார் 9,300 லிட்டர் ரியாக்டரில் 175-வது முறையாகச் செய்த அதே தயாரிப்பு. குளிர்விப்பு கைவிட்டதும் சூடு எகிறி, இன்னொரு எதிர்பாராத வினையும் தொடங்கி, ரியாக்டர் வெடித்தது. 4 பேர் இறந்தனர், 32 பேர் காயமடைந்தனர். 174 முறை நல்லபடியாக முடிந்தது என்பது 175-வது முறைக்கு உத்தரவாதம் ஆகவில்லை.

வெப்பமானி ஏறத் தொடங்கும்போது பல நேரங்களில் தாமதமாகிவிடுகிறது. அதற்கு முன்பே உள்ளே வினையாற்றாத சரக்கு சேர்ந்துகொண்டே போயிருக்கும். அந்தச் சேர்மானம் வெப்பமானிக்குத் தெரியாது.

சாம்பிள் எடுத்துப் பார்க்கலாமே?

அதுதான் வழக்கம். “சாம்பிள் போயிருக்கு, ரிசல்ட் வரட்டும்” என்பது ஷிப்ட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஒரு வால்வைத் திறந்து கொஞ்சம் திரவத்தைப் பிடித்து, தர ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இதில் மூன்று சிக்கல்கள்:

• சாம்பிள் மாறிவிடும். 100 டிகிரியில், 10 பார் அழுத்தத்தில் இருக்கும் திரவம் வெளியே வந்ததும் கரைந்திருந்த வாயு பறந்துவிடும், கரைப்பான் கொதிக்கும். உள்ளே இருந்தது வேறு, பாட்டிலில் இருப்பது வேறு.

• நேரமாகும். முடிவு வர அரை மணி, ஒரு மணி நேரம் பிடிக்கலாம். ரன்அவே அதுவரை காத்திருக்காது.

• ஆளுக்கு ஆபத்து. சூடான, அழுத்தமான, சில சமயம் நச்சான திரவத்தின் வால்வைத் திறப்பவர் ஒரு தொழிலாளி. ஒவ்வொரு சாம்பிளும் அவருக்கு ஒரு ஆபத்து.

அகச்சிவப்பு ஒளி எதைப் பார்க்கிறது?

கோவளம் மணலில் மதியம் வெறுங்காலை வைத்தால் சுடும். அந்தச் சூட்டைக் கொண்டுவரும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் இதைக் கண்டுபிடித்ததும் ஒரு சாதாரண வெப்பமானியால்தான். நிறமாலையில் சிவப்பைத் தாண்டி, ஒளியே தெரியாத இடத்தில் வைத்தபோது அது சூட்டைக் காட்டியது.

மூலக்கூறில் அணுக்களை இணைக்கும் பிணைப்புகள் ஸ்பிரிங் போல அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு வகைப் பிணைப்புக்கும் தனித்தனி அதிர்வு. அதற்குப் பொருந்தும் அகச்சிவப்பு ஒளியை மட்டும் அது விழுங்கும். எந்த ஒளி காணாமல் போனது என்று பார்த்தால், உள்ளே எந்தப் பிணைப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதற்கு ‘அலையெண்’ என்றொரு முகவரி உண்டு. அலகு, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலைகள் என்பது. கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பனைல் பிணைப்பு 1,700-ஐ ஒட்டி. நைட்ரோ தொகுதி 1,530, 1,350 பக்கம். போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் எந்தக் குடும்பமோ, அந்த ஐசோசயனேட் தொகுதி 2,270-ஐ ஒட்டி. மூலப்பொருளின் முகடு குறைந்து, விளைபொருளின் முகடு வளர்ந்தால் வினை நடக்கிறது. இரண்டும் அசையாமல் நின்றால், வினை முடிந்துவிட்டது அல்லது நின்றுவிட்டது.

ஒரு விதிவிலக்கு: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக்கள் அகச்சிவப்பை விழுங்காது. எனவே ஹைட்ரஜனேற்ற ரியாக்டரில் ஹைட்ரஜனை இந்தக் கருவி பார்க்காது. ஹைட்ரஜன் யாரோடு சேர்ந்ததோ, அந்தப் பொருளின் மாற்றத்தைத்தான் பார்க்கும்.

கொதிக்கும், அழுத்தமான பாத்திரத்துக்குள் ஒளியை எப்படி அனுப்புவது?

கண்ணாடி ஜன்னல் வழியாக முடியாது. சாதாரணக் கண்ணாடி இந்த அகச்சிவப்பு ஒளியை விடாது. திரவத்தின் குறுக்கே அனுப்பவும் முடியாது. கொஞ்ச தூரத்திலேயே முழுவதும் விழுங்கப்பட்டுவிடும்.

அதற்குத்தான் வைர முனை. கைத்தடி போன்ற ஒரு உலோகக் குழாயை ரியாக்டரின் மூடியிலோ பக்கவாட்டிலோ உள்ள துளையில் இறக்குகிறார்கள். அமிலம் அரிக்காத ஹேஸ்டெல்லாய் போன்ற நிக்கல் கலப்புலோகத்தால் ஆனது அது. நுனியில் ஒரு சிறு வைரத் துண்டு. குழாய் வழியாக வரும் ஒளி, வைரத்தின் உட்புறத்திலேயே பட்டுத் திரும்பிவிடும். திரும்பும் இடத்தில் மட்டும் ஒன்று, இரண்டு மைக்ரான் ஆழத்துக்குத் திரவத்தைத் தொட்டுவிட்டு வரும். தலைமுடித் தடிமனில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தத் தொடுதலே போதும். 15 விநாடி, 30 விநாடிக்கு ஒரு முழு நிறமாலை திரையில் வந்துகொண்டே இருக்கும். சாம்பிளும் இல்லை, வால்வும் இல்லை.

வைரம் கடினமானது, சூடு தாங்கும், பெரும்பாலான ரசாயனத்துக்கு அசையாது. பலவீனம் வைரத்தில் இல்லை, அது உலோகத்தோடு சேரும் ஓரத்தில்தான். சூட்டில் வைரமும் உலோகமும் ஒரே அளவில் விரிவதில்லை. எனவே சில வகைகளில் அந்த ஓரத்தைத் தங்கத்தால் அடைக்கிறார்கள். ஒவ்வொரு முனைக்கும் எத்தனை டிகிரி, எத்தனை பார் என்ற வரம்பு உண்டு. ரியாக்டரின் வரம்பைவிட முனையின் வரம்பு குறைவாக இருந்தால், கண்காணிக்க வைத்த கருவியே கசியும் ஓட்டையாகிவிடும்.

இந்த உத்தி புதிதல்ல. 1970-களில் மான்சான்டோ நிறுவனம் மெத்தனாலிலிருந்து அசிட்டிக் அமிலம் தயாரிக்கும் முறையில், ரோடியம் வினையூக்கி உண்மையில் எந்த வடிவில் வேலை செய்கிறது என்பதை, உயர் அழுத்த அகச்சிவப்புக் கலங்களில் வினை நடக்கும்போதே பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., தயாரிப்பு நடக்கும்போதே தரத்தை அளக்கும் முறைகளை ஊக்குவிக்கும் வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் பிறகு மருந்து நிறுவனங்களின் ஆய்வகங்களில் இத்தகைய கருவிகள் பரவலாயின.

அப்படி என்ன காட்டிக்கொடுக்கும்?

இரண்டு உதாரணங்கள்.

ஒன்று, தொடங்காத வினை. கிரிக்னார்ட் வினை என்று கெமிஸ்ட்ரி பாடத்தில் படித்திருப்பீர்கள். மெக்னீசியத்தோடு ஒரு ஹாலைடு சேர்மத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். சில சமயம் வினை உடனே கிளம்பாது. வெப்பமானி அமைதியாக இருக்கும். எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று நினைத்து, மேலும் மேலும் ஊற்றுவார்கள். உண்மையில் எரிபொருள் சேர்ந்துகொண்டிருக்கும். திடீரென வினை கிளம்பும்போது சேர்ந்தது எல்லாம் ஒன்றாக வினையாற்றும். அகச்சிவப்பு முனை இருந்தால், சேர்த்த பொருளின் முகடு குறையாமல் ஏறுவதைக் காட்டும். அதன் அர்த்தம் ஒன்றுதான்: ‘ஊற்றுவதை நிறுத்து’.

இரண்டு, நடுவில் தங்கும் விருந்தாளி. பல மருந்து மூலப்பொருள்கள் தயாரிப்பில் நைட்ரோ சேர்மத்தை ஹைட்ரஜன் அழுத்தத்தில் அமீனாக மாற்றுவார்கள். இடையில் ஹைட்ராக்சிலமீன் வகைப் பொருள் உருவாகும். அது உடனே அடுத்த படிக்குப் போனால் சரி. வினையூக்கி சோர்ந்து போய் அது தேங்கினால் ஆபத்து. அது வெப்பத்தில் வெடிப்பாகச் சிதையக்கூடியது. நைட்ரோ முகடு குறைகிறது, ஆனால் அதற்கு ஈடாக அமீன் முகடு ஏறவில்லை என்றால், நடுவில் ஏதோ தங்குகிறது என்று அர்த்தம். அழுத்தமானி இதைச் சொல்லாது. அதைப் பொறுத்தவரை ஹைட்ரஜன் நன்றாகத்தான் உறிஞ்சப்படுகிறது.

அப்படியானால் இது எல்லாம் அறிந்த கண்ணா?

இல்லை. இந்தக் கருவியை நம்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது எங்கே குருடு என்பதைத்தான்.

• முனையைத் தொடும் படலத்தை மட்டுமே பார்க்கும். வைரத்தின் மேல் பிசினோ படிகமோ ஒட்டிக்கொண்டால், திரையில் தெரிவது அந்த ஒட்டலின் படம். வினை நின்றுவிட்டது போலத் தோன்றும், நிஜத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

• அடியில் தங்கிய திடப்பொருள், மேலே உள்ள வாயு, கிளறி எட்டாத மூலை எதுவும் தெரியாது.

• வைரமே 2,000 முதல் 2,300 வரையிலான பகுதியில் ஒளியை விழுங்கும். ஐசோசயனேட் முகடு இருப்பதும் அதே பக்கம்தான். அங்கே சிலிக்கான் முனை பொருத்தமானது. ஆனால் சிலிக்கானைக் கடுங்காரம் அரிக்கும்.

• சூடு மாறினால் முகடுகள் லேசாக இடம் மாறும், உயரமும் மாறும். 25 டிகிரியில் செய்த அளவுத்திருத்தத்தை 120 டிகிரியில் நம்பினால் தப்பான எண் வரும்.

• சிறிதளவே இருக்கும் பொருள், சுமார் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனால், பெரும்பாலும் இரைச்சலில் மறைந்துவிடும்.

ஆலைத் தளத்தில் இன்னொரு தலைவலி. கருவிக்குள் நகரும் கண்ணாடி இருப்பதால் அதிர்வு ஆகாது. எரியும் கரைப்பான் ஆவி உள்ள பகுதியில் சாதாரண மின்கருவியை வைக்கவும் கூடாது. தீப்பொறி வெளியே வராத உறை வேண்டும். நடு அகச்சிவப்பைக் கடத்தும் இழைகளும் நீளமாகப் போகாது. அதனால் பல ஆலைகள் அண்மை அகச்சிவப்பையோ ராமன் நிறமாலையையோ தேர்ந்தெடுக்கின்றன. அவற்றின் ஒளி சாதாரணக் கண்ணாடி இழையில் பல மீட்டர் ஓடும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி.ராமன் 1928-இல் கண்டறிந்த விளைவு, இன்று ரியாக்டர் ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்க்க உதவுகிறது.

இது இருந்திருந்தால் சமீபத்திய விபத்துகள் நடந்திருக்காதா?

இங்கேதான் நிதானம் தேவை. ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு நவீனக் கருவியை மருந்தாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மை அப்படி இல்லை.

2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில் சிகாச்சி ஆலையில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது மருந்துத் துறைக்கான செல்லுலோஸ் தூளை உலர்த்தும் ஆலை. ரியாக்டருக்குள் இருக்கும் அகச்சிவப்பு முனைக்கு அங்கே வேலையே இல்லை. 2024 ஆகஸ்ட் 21 அன்று ஆந்திராவின் அச்சுதாபுரத்தில் எசியென்ஷியா ஆலையில் 17 பேர் இறந்தனர். அங்கே கரைப்பான் கசிந்து, ஆவி பரவித் தீப்பிடித்தது. அதற்குத் தேவை நல்ல குழாய் இணைப்பு, கசிவு எச்சரிக்கை, தீப்பொறி வராத மின் அமைப்பு.

விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் சம்பவம் கொஞ்சம் நெருங்கி வருகிறது. 2020 மே 7 அதிகாலை, சேமிப்புத் தொட்டியில் இருந்த ஸ்டைரீன் தானாகவே பாலிமராக மாறத் தொடங்கி, சூடேறி, ஆவி ஊருக்குள் பரவியது. 12 பேர் இறந்தனர். வினை ஓடியது உண்மை. ஆனால் ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு சுட்டிக்காட்டிய குறைகள் எளிமையானவை: வெப்பமானி தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும் இருந்தது, மேல்பகுதி சூடானது தெரியவில்லை, குளிர்விப்பு முழு நேரமும் ஓடவில்லை, பாலிமர் ஆவதைத் தடுக்கும் பொருள் போதுமான அளவு இல்லை. அங்கே முதலில் வேண்டியிருந்தது மேலே இன்னொரு சாதாரண வெப்பமானி.

1984 டிசம்பர் 2-3 இரவு போபாலிலும் தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது.

ஆக, அகச்சிவப்புக் கண்காணிப்பு முதல் வேலி இல்லை. குளிர்விப்பு, அழுத்தம் விடுவிக்கும் வால்வு, வெடிதகடு, சரியான இடத்தில் வெப்பமானி, இவை எல்லாம் சரியாக இருக்கும் இடத்தில், வினையின் போக்கை முன்கூட்டியே காட்டும் கூடுதல் கண் அது.

பிறகு எதற்கு இந்தச் செலவு?

அதன் பெரிய பலன் பெரும்பாலும் ஆலையில் அல்ல, ஆலைக்குப் போகும் முன்பு. ஒரு வினையை ஒரு லிட்டரில் இந்த முனையோடும் வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டரோடும் ஓட்டிப் பார்த்தால், எவ்வளவு வேகமாக ஊற்றினால் சரக்கு தேங்கும், குளிர்விப்பு நின்றால் சூடு எங்கே போய் நிற்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும். அந்த எண்களை வைத்துத்தான் 1,000 லிட்டர் ரியாக்டரின் ஊற்றும் வேகத்தையும் எச்சரிக்கை வரம்பையும் நிர்ணயிக்க முடியும்.

கருவியின் விலை பல பத்து லட்சங்களில் இருக்கும். பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு வரிச் செலவு. தொழிற்பேட்டையில் இரண்டு மூன்று ரியாக்டர் வைத்து, ஒப்பந்த முறையில் தயாரித்துக் கொடுக்கும் சிறு ஆலைக்கு அது கனவு. ஆபத்தான வினைகளோ பெரிய ஆலைகளில் மட்டும் நடப்பதில்லை. ஒவ்வொரு சிறு ஆலையும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. தொழிற்பேட்டைக்கு ஒரு பொது ஆய்வகம் இருந்தால், புதிய வினையைப் பெரிய ரியாக்டருக்குக் கொண்டுபோகும் முன் அங்கே சோதிக்கலாம். கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க முடிந்தது போல இதுவும் முடியாத காரியமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆபத்தான செயல்முறைகளுக்கென ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஆபத்து பற்றிய தகவலைத் தொழிலாளர்களுக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்றும், உடனடி ஆபத்து தெரிந்தால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றும் அது சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றுள்ளன. 1989-இன் அபாயகர ரசாயன விதிகள், அளவு அதிகமுள்ள ஆலைகளுக்கு அவசரகாலத் திட்டத்தைக் கட்டாயமாக்குகின்றன.

திரையில் ஒரு கோடு ஏறுகிறது. அதன் அர்த்தம் தெரிந்தவர் இரவு ஷிப்ட்டில் இருக்கிறாரா? அவர் “நிறுத்து” என்றால் நிற்குமா, அல்லது “பேட்ச் வீணாயிடும், முடிச்சிடுங்க” என்று பதில் வருமா? கருவியின் பயன் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

ரசாயன ஆலையில் வேலைக்குச் சேர்பவர்கள் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்த வினையில் குளிர்விப்பு நின்றால் சூடு எவ்வளவுக்குப் போகும்? அந்த எண் எழுத்தில் இருக்கிறதா?

2. வினையாற்றாத சரக்கு தேங்குகிறதா என்பதை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்?

3. வெப்பமானி எத்தனை இடத்தில் இருக்கிறது? கடைசியாக எப்போது சோதித்தார்கள்?

4. சாம்பிள் எடுப்பவருக்கு என்ன பாதுகாப்பு?

5. ஊற்றுவதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது உண்டா?

முதல் கேள்விக்கே பதில் வரவில்லை என்றால், அந்த ரியாக்டருக்கு அருகில் நிற்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பது நல்லது.